கடைசியாக நன்றாகப் பேசிய நேரம்

போன மாதம் ஒரு நர்ஸ் எனக்குப் போன் செய்தாள். பெயர் சிந்து. கிருஷ்ணகிரி சாலையில் நாட்றம்பள்ளியைத் தாண்டி வேலை பார்க்கிறவள். நாங்கள் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. பக்கவாதத்துக்குப் போடும் ஊசி மருந்து அவர்கள் ஆஸ்பத்திரிக்கும் வந்துவிட்டதாம். ஃப்ரிட்ஜில் வைத்துப் பூட்டியிருக்கிறார்களாம். இன்னும் ஒருவருக்கும் போடவில்லையாம்.

"பயமா இருக்குது மேடம். போட்டதுக்கப்புறம் மூளையில ரத்தம் கசிஞ்சிட்டா? பேசாம வேலூருக்கு அனுப்பிச்சிடலாம்னு டூட்டி டாக்டரே சொல்றாரு. நீங்க இன்னா பண்ணீங்க அப்ப?"

அரை மணி நேரம் பேசியும் எனக்குத் திருப்தியாக இல்லை. எழுதியே அனுப்புகிறேன் என்றேன். ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. கையில் நேரம் இருக்கிறது. பெருமையும் கொஞ்சம் ஜாஸ்தியாகவே இருக்கிறது. அதை ஒளிக்கப் போவதில்லை.

எனக்கு வாலாஜாபேட்டை பக்கம். அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் வேர்க்கடலை. வேலூரில் நர்சிங் படித்தேன். ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று சுற்றிவிட்டு, ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் இடையே ஒரு அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்து, அங்கேயே தங்கிவிட்டேன். அவசரப் பிரிவில்தான் என் வேலைக்காலத்தில் பாதிக்கு மேல். சுற்றிலும் தோல் பதனிடும் ஷாப்புகள், ஷூ கம்பெனிகள். சைரன் ஊதும் நேரத்தை வைத்தே எங்களுக்குக் கூட்டம் எப்போது வரும் என்று தெரியும். பிளேடு வெட்டு, மிஷினில் மாட்டிய விரல், கெமிக்கல் பட்ட கண். இவற்றுக்கெல்லாம் எங்களிடம் மருந்து இருந்தது. பக்கவாதத்துக்கு மட்டும் ஒரு சீட்டுதான் இருந்தது: "மேல்சிகிச்சைக்காக வேலூர்."

அந்தச் சீட்டை எத்தனை பேருக்கு எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. தண்டபாணி என்கிறவருக்கு எழுதியது மட்டும் மறக்கவில்லை. தோல் ஷாப்பில் பதனிடும் டிரம்மை ஓட்டுகிறவர். காலை டிபன் சாப்பிடும்போது வலது கை விழுந்துவிட்டது. இருபது நிமிஷத்தில் எங்களிடம் கொண்டுவந்துவிட்டார்கள். அவ்வளவு சீக்கிரம் வந்தும், ஸ்கேன் எடுக்க மிஷின் இல்லை. மூளையில் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். அடைப்புக்குப் போடும் ஊசியை வெடிப்புக்குப் போட்டால் ஆள் போய்விடுவார். அதனால் சீட்டு. வண்டி கிடைத்து, நெடுஞ்சாலையில் பாலம் வேலைக்காகத் திருப்பிவிட்ட பாதையில் நின்று நின்று போய், அங்கே வரிசையில் காத்திருந்து, ஸ்கேன் முடிந்தபோது நாலரை மணி நேரம் தாண்டிவிட்டது. அதற்கு மேல் ஊசி போட முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து பிரஷர் மாத்திரை வாங்க மனைவியோடு வந்தார். என்னைப் பார்த்ததும் ஏதோ சொல்ல முயன்றார். "ப்பா, ப்பா" என்றுதான் வந்தது. "சிஸ்டரு நல்லா இருக்கீங்களான்னு கேக்குறாரு" என்றாள் அவர் மனைவி. அதே நோய் அதே நேரத்தில் வேலூரில் குடியிருக்கும் ஒருவருக்கு வந்திருந்தால், அவர் வாயாலேயே கேட்டிருப்பார். அன்று நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை.

ஜில்லாவை மூன்றாகப் பிரித்த பிறகு எங்களுக்கு ஸ்கேன் மிஷின் வந்தது. அதன் பின்னாலேயே டாக்டர் குணசீலன் வந்தார். பொது மருத்துவர். நெடிய, கனத்த ஆள். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. ஒரே கேள்வியை மூன்று முறை கேட்பார், மூன்று முறையும் அதே மெதுவான குரலில். மூன்றாவது முறை பதில் சொல்லும்போது, முதல் இரண்டு முறையும் நாம் யோசிக்காமல் பேசியது நமக்கே தெரிந்துவிடும்.

வந்த முதல் வாரம் ஒரு கேஸ் ஷீட்டை எடுத்துப் பார்த்தார். "காலையில் இருந்து கை கால் பலவீனம்" என்று எழுதியிருந்தேன்.

"காலையிலன்னா எத்தனை மணி சிஸ்டர்?"

"எழுந்ததிலிருந்துன்னு சொன்னாங்க சார்."

"எழுந்ததுன்னா எத்தனை மணி?"

"அஞ்சு, அஞ்சரை இருக்கும் சார்."

"சிஸ்டர், அது எத்தனை மணி?"

டாக்டர் பேனாவை எடுத்து "காலையில்" என்ற வார்த்தையை ஒரு கோடு போட்டு அடித்தார். "விழுந்த நேரம் நமக்கு வேணாம். யாரும் பாக்காதப்ப விழுந்திருப்பாங்க. கடைசியா எப்ப நல்லா பேசினாங்க, அதை யார் பாத்தாங்க, அதான் வேணும். அங்கிருந்துதான் நம்ம கடிகாரம் ஓடுது."

அடுத்த இரண்டு மாதம் எங்களைப் பழக்கினார். சனிக்கிழமை மதியம் கூட்டம் குறைந்ததும், அவரே ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுத்துக்கொண்டு, வலது கையைத் தொங்கவிட்டு, வாயைக் கோணிக்கொள்வார். கையில் செல்போன் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். நாங்கள் அவரை நோயாளியாக நினைத்து எல்லாம் செய்ய வேண்டும். வாசலிலேயே சர்க்கரை, பிரஷர். நேராக ஸ்கேன். படம் செல்போனில் வேலூரில் உள்ள நரம்பு டாக்டரம்மாவுக்குப் போகும். அவர் பார்த்துச் சொல்லும் நேரத்தில் இங்கே மருந்து தயாராக வேண்டும். முதல் சனிக்கிழமை அவரை ஸ்கேன் மேடைக்கு மாற்றத் தெரியாமல் நாலு பேர் தடுமாறியதில் ஸ்ட்ரெச்சருக்கும் மேடைக்கும் நடுவில் தொங்கினார். அப்போதும் வாயை நேராக்காமல், கோணின வாயாலேயே, "டைம் போகுது" என்றார். வார்டு பாய் முதல் ஸ்கேன் டெக்னீஷியன் வரை சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை.

எடை ஒரு பெரிய பிரச்சினை. ஊசியின் அளவு எடையைப் பொறுத்தது. நிற்க முடியாதவரை எடை மிஷினில் எப்படி ஏற்றுவது? கண்ணால் பார்த்து மதிப்பிடச் சொல்லும் புத்தகம். டாக்டர் அதற்குச் சம்மதிக்கவில்லை. நான்தான் தோல் மண்டியில் பெரிய தராசு மேடை பார்த்திருக்கிறேன் என்றேன். உப்புத் தோலைக் கட்டுக் கட்டாக ஏற்றி நிறுப்பார்களே, அது. ஒரு மண்டிக்கார பாய் உபயோகத்தில் இல்லாத ஒன்றைக் கழுவித் துடைத்து அனுப்பிவைத்தார். வாசலில் தரையோடு தரையாகப் பதித்தோம். நோயாளியை ஸ்ட்ரெச்சரோடு உருட்டி ஏற்றுவது, ஸ்ட்ரெச்சரின் எடையைக் கழிப்பது. அதன் எடையைப் பக்கவாட்டில் பெயின்டால் எழுதிவைத்தேன். மழைக்காலத்தில் அதிலிருந்து லேசாகத் தோல் வாடை வரும். எங்கள் ஊர்க்காரர் யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

இனி மல்லிகாவின் கதை.

மல்லிகா ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் பிரிவில் வேலை செய்தவள். நாற்பத்திநாலு வயது. மதியம் இரண்டு ஐந்துக்குக் கம்பெனி வேனில் கொண்டுவந்தார்கள். வலது கை, வலது கால் துவண்டு கிடந்தன. பேச்சு இல்லை. கண் மட்டும் எங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. கூட வந்த சூப்பர்வைசர் வாசலிலேயே சொல்லிவிட்டார்: "இப்பதான் சிஸ்டர், ஒன்னே முக்காலுக்கு. மயக்கம் போட்டு விழுந்துட்டாங்க." சொல்லிவிட்டு ஆளை விட்டால் போதும் என்று கம்பெனிக்குத் திரும்பிவிட்டார்.

சர்க்கரை சரியாக இருந்தது. பிரஷர் இருநூறு. எடை அறுபத்தொன்று. ஸ்கேன் எடுத்துக்கொண்டிருக்கும்போது அவள் கணவர் கோவிந்தன் வந்து சேர்ந்தார். தென்னந்தோப்பில் கூலி வேலை. லுங்கி முழுக்க மட்டை நார்.

"காலையிலயே சொன்னா சிஸ்டர், கை மரத்துப் போச்சுன்னு. நான்தான் கண்டுக்கல" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

காலையிலேயே என்றால் நேரம் முடிந்துவிட்டது. டாக்டர் என்னைப் பார்த்தார். ஸ்கேனில் ரத்தக் கசிவு இல்லை, அடைப்புதான், ஊசி போடலாம் என்று வேலூரிலிருந்து பதில் வந்துவிட்டது. ஆனால் எந்த நேரத்திலிருந்து கணக்கு வைப்பது?

"எந்தக் கை?" என்றேன் கோவிந்தனிடம்.

"கைதான் சிஸ்டர்..."

"டீ குடுத்தாங்களா உங்களுக்கு?"

"குடுத்தா."

"எப்படிக் குடுத்தாங்கன்னு செஞ்சு காட்டுங்க."

அவர் திகைத்தார். பிறகு மனைவி நின்ற இடத்தில் தன்னை நிறுத்திக்கொண்டு, வலது கையை நீட்டி டம்ளரைக் கொடுப்பதுபோல் காட்டினார். இடது கையை உதறிக்கொண்டே. இரண்டு முறை செய்து காட்டச் சொன்னேன். இரண்டு முறையும் இடதுதான் உதறியது. வருஷக்கணக்கில் தோலை இழுத்துப் பிடித்துத் தைக்கிற பெண்கள் பலருக்கும் மணிக்கட்டில் நரம்பு அழுந்தி இப்படி மரத்துப்போகும். அது வேறு, இது வேறு. விழுந்தது வலது பக்கம்.

"சரி" என்றார் டாக்டர். "அப்ப காலையில நல்லா இருந்திருக்காங்க. அதுக்கப்புறம் நல்லா பேசினதை யார் பாத்தாங்க?"

"சூப்பர்வைசர் ஒன்னே முக்கால்னு..."

"அவர் பேசிப் பாத்தாரா?"

கம்பெனி கேட்டுக்குப் போன் செய்தேன். உள்ளே யாரிடமும் செல்போன் இருக்காது; கேட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள். மல்லிகா பக்கத்து மிஷினில் யார் உட்காருவது என்று கேட்டேன். பர்வீன் என்றார்கள். செக்யூரிட்டி உள்ளே போய் அழைத்துவந்தார். அந்த ஆறு நிமிஷத்தில் பிரஷரை இறக்க ஊசி போட்டேன், மருந்துக் குப்பியை எடுத்து மேஜையில் வைத்தேன், உடைக்கவில்லை.

"பர்வீன், நான் ஆஸ்பத்திரியில இருந்து சிஸ்டர் பேசறேன். மல்லிகா கடைசியா உன்கிட்ட எப்பம்மா பேசினாங்க?"

"ஒன்னே முக்காலுக்கு விழுந்துட்டாங்க சிஸ்டர்." மனப்பாடம் செய்தது போல இருந்தது.

"பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"ம்" என்றாள், ரொம்ப மெதுவாக.

"சூப்பர்வைசர் சாரா? அவர்கிட்ட போனைக் குடு."

அவர் வாங்கினார். "சார், நீங்க கொஞ்சம் கேட்டுக்கு வெளிய போய் நில்லுங்க. யார் மேலயும் கம்ப்ளெயின்ட் இல்ல. ஒரு உசிருக்காகக் கேக்குறேன்" என்றேன். போய்விட்டார். பர்வீன் மறுபடியும் போனை எடுத்தபோது அழுதுகொண்டிருந்தாள்.

"நான் தப்பு பண்ணிட்டேன் சிஸ்டர். டார்கெட்டு பாக்கி இருந்துச்சு. லைன் நின்னா எல்லாருக்கும் திட்டு. கொஞ்ச நேரம் படுத்தா சரியாப் போய்டும்னு அட்டப்பெட்டிக்குப் பின்னால படுக்க வெச்சோம். எலுமிச்சம்பழ சோடா குடுத்தேன்."

"நீ கூடவே இருந்திருக்க. தப்பு இல்லம்மா. எனக்கு நேரம் மட்டும் வேணும்."

டாக்டர் கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன். அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அவசரப் பிரிவில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

"என் பேரு குணசீலன், நான் டாக்டர். மல்லிகா நல்லாப் பேசின கடைசிப் பேச்சு என்னம்மா?"

ஸ்பீக்கரில் எங்களுக்கும் கேட்டது. "என் பொண்ணுக்கு ரிசல்ட்டு வந்துச்சான்னு கேட்டாங்க சார். இன்னும் வரலன்னேன். இந்தத் தோல் கட்டை முடிச்சிட்டு சாப்பிடப் போலாம்னாங்க. கொஞ்ச நேரத்துல கத்திரிக்கோல் கீழ விழுந்துச்சு. எடுக்க வரல அவங்களுக்கு."

"அது எத்தனை மணி?"

"சாப்பாட்டு சைரனுக்கு முன்னாடி சார்."

"எவ்வளவு முன்னாடி?"

"கட்டு குடுக்க வந்த பொண்ணுகிட்ட அப்பதான் கையெழுத்துப் போட்டாங்க சார். அதுல நேரம் இருக்கும். சீட்டு அவங்க மிஷின்லயே இருக்குது."

ஓடிப்போய் எடுத்துவந்தாள். பன்னிரண்டு பத்து. வலது கையால் போட்ட கையெழுத்து. கோணாமல் இருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். எப்பவும் போடுற மாதிரிதான் இருக்குது என்றாள். மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அதே பதில். "ரொம்ப நன்றிம்மா" என்று போனை வைத்தார். கேஸ் ஷீட்டில் 12.10 என்று எழுதி, பக்கத்தில் பர்வீன் பெயரையும் எழுதினார். அப்போது மணி இரண்டு நாற்பது.

கோவிந்தனை உட்காரவைத்துச் சொன்னார். இந்த மருந்து அடைப்பைக் கரைக்கும், சிலருக்கு மூளையில் ரத்தம் கசியும், உயிருக்கே ஆபத்தாகலாம், போடாவிட்டால் பெரும்பாலும் இப்படியேதான் இருப்பார்கள்.

"வேலூருக்குக் கூட்டினு போய்டட்டுங்களா சார்? பெரிய ஆஸ்பத்திரியில..."

"கூட்டினு போலாம். போட்டுட்டு அனுப்பறேன். அங்க போடறதும் இதே ஊசிதான். இங்க போட்டா ரெண்டு மணி நேரம் மிச்சம்."

கோவிந்தன் என்னைப் பார்த்தார். "சிஸ்டர், உங்க வீட்டு ஆளா இருந்தா?"

"போடுவேன்" என்றேன்.

குப்பியைக் குலுக்கக் கூடாது, நுரைத்துவிடும். உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து மெதுவாக உருட்டித்தான் கரைக்க வேண்டும். மனசு பறக்கும்போது கையை மெதுவாக வைத்திருப்பதுதான் எங்கள் தொழிலில் கஷ்டமான வித்தை. அளவை நான் சொல்ல, இன்னொரு நர்ஸ் தனியாகக் கணக்குப் போட்டுச் சொன்னாள். இரண்டும் ஒத்தன. பத்தில் ஒரு பங்கை ஒரு நிமிஷத்தில் ஏற்றினேன். மீதி ஒரு மணி நேரத்துக்கு மிஷின் வழியாக. கால் மணிக்கு ஒருமுறை பிரஷர், கையைத் தூக்கச் சொல்வது, பேசச் சொல்வது.

அரை மணி ஆனபோது மல்லிகா முகத்தைச் சுளித்தாள். அடுத்த நொடி வாந்தி எடுத்தாள். ரத்தம் கசிந்தால் வருகிற அறிகுறிகளில் அதுவும் ஒன்று. நான் யாரையும் கேட்கவில்லை. மருந்தை நிறுத்தினேன். அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து வாயைச் சுத்தம் செய்தேன். டாக்டர் "மறுபடியும் ஸ்கேன்" என்றார். உருட்டிக்கொண்டு ஓடினோம். கோவிந்தன் சுவரோடு சாய்ந்து நின்றார். "போடுவேன்" என்று நான் சொன்னது என் காதிலேயே கேட்டுக்கொண்டிருந்தது.

படம் வந்தது. கசிவு இல்லை. பழைய மாதிரியே இருந்தது. வேலூர் டாக்டரம்மாவும் பார்த்துவிட்டு, தொடருங்கள் என்றார்.

டாக்டர் என் கையிலிருந்த துணியை முகர்ந்து பார்த்தார். "எலுமிச்சம்பழ சோடா" என்றார். மருந்தை மறுபடியும் ஓடவிட்டேன்.

நாலே கால் இருக்கும். வேலூருக்குப் போக வண்டி தயார். ஸ்ட்ரெச்சரைத் தள்ளும்போது மல்லிகா "து" என்றாள். நின்றோம். "துணி" என்றாள். கோவிந்தன் குனிந்து, "இன்னாமா? எந்தத் துணி?" என்றார். அவள் பதில் சொல்லாமல் வலது கையைப் படுக்கையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி மேலே காட்டினாள். வெளியே மேகம் கவிந்து இருட்டிக்கொண்டிருந்தது. மொட்டை மாடியில் துணி காய்கிறது! கோவிந்தன் அங்கேயே உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "கை ஆடுது, எழுதிக்குங்க. நேரம் போடுங்க" என்றார். எழுதினேன். அந்த ஒரு வரிக்காகத்தான் நான் நர்ஸ் ஆனேன் போலிருக்கிறது.

மூன்று மாதத்தில் மல்லிகா கம்பெனிக்குத் திரும்பினாள். தையலுக்கு விரல் ஒத்துழைக்கவில்லை. செக்கிங் பிரிவில் போட்டார்கள். வார்த்தை சில சமயம் தாமதமாக வரும். வரும்.

சிந்து, எல்லாருக்கும் இப்படி ஆகவில்லை. ஒரு பெரியவருக்கு நீ பயப்படுவதேதான் நடந்தது. இரண்டாம் நாள் இறந்துபோனார். மறுநாள் டாக்டர் எங்களை உட்காரவைத்து அவருடைய கேஸ் ஷீட்டை முதல் வரியிலிருந்து வாசித்தார். எங்கேயும் தவறில்லை. "தப்பு இல்லாமலும் இது நடக்கும். அடுத்தவருக்கும் போடுவோம்" என்றார். அந்த வாரமே போட்டோம்.

வண்டி வராத மலை ஊர்கள் இன்னும் இருக்கின்றன. டெக்னீஷியன் லீவு போட்டால் ஸ்கேன் அறை பூட்டிக் கிடக்கும் ஆஸ்பத்திரிகளும் இருக்கின்றன. ஆனால் மிஷினும் மருந்தும் மட்டும் வந்தால் போதாது என்பதை மல்லிகா விஷயத்தில்தான் புரிந்துகொண்டேன். அட்டைப்பெட்டிக்குப் பின்னால் ஒன்றரை மணி நேரம் போனதே, அதை எந்த மிஷின் மீட்கும்? டாக்டரிடம் சொல்லி, கம்பெனி கம்பெனியாகப் போக ஆரம்பித்தேன். சாப்பாட்டு நேரத்தில் பதினைந்து நிமிஷம். முகம் கோணுதா, கை தூக்க வருதா, பேச்சு குழறுதா. படுக்க வைக்காதே, குடிக்கக் கொடுக்காதே, நேரத்தைப் பார், வண்டி ஏற்று. முதல் கம்பெனியில் மேனேஜர், உற்பத்தி கெடும் என்றார். மல்லிகாவைக் கூட்டிப்போய் நிறுத்தினேன். அவள் தன் பேரையும் ஊரையும் நிதானமாகச் சொன்னாள். அதற்குமேல் அவர் தடுக்கவில்லை. லைன் நின்றாலும் பரவாயில்லை என்று எல்லோர் முன்னாலும் அவரே சொன்னார்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வாரம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பர்வீன் இறங்கினாள். உள்ளே அவள் மாமனார், வாய் கோணி, இடது கை தொங்கி. கம்பெனியில் தோல் மேல் கோடு போடும் வெள்ளி மை பேனாவால் அவர் வலது கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, பெரிய எழுத்தில் எழுதியிருந்தாள்: "9.35 பேப்பர் படிச்சார். நான் பார்த்தேன். தண்ணி குடுக்கல. பர்வீன்."

சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது ஐம்பத்தெட்டு. நான் அவளிடம் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஸ்கேன் அறைக் கதவைத் திறக்கச் சொல்லிக் குரல் கொடுத்துக்கொண்டே ஸ்ட்ரெச்சரைத் தள்ளினேன்.